பவ்டிச்சின் கேள்வியைக் கட்டம் போட்ட நோட்டில் போட்டுப் பார்ப்பது எப்படி

எண்ணெய்ச் சட்டியில் நெருக்கிப் போட்ட மெதுவடை சில நேரம் ரெண்டு ரெண்டாக ஒட்டிக்கொண்டு வரும். பிரித்துவிடாதீர்கள். அந்த ஜோடி வடையின் மேல்தோல்தான் இந்தக் கட்டுரையில் நமக்கு வேண்டிய தளம். துளை இரண்டு, ஓரம் கிடையாது.

நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன். ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. படிப்பு போனாலும் கேள்வி ஒன்று கூடவே வந்துவிட்டது. 1998-ல் பிரையன் பவ்டிச் என்ற கணித ஆராய்ச்சியாளர் கேட்டது. கேட்டால் ஒரு நிமிஷத்தில் புரியும். போட்டுப் பார்க்க பிளஸ் டூ அணிக் கணக்கும், கட்டம் போட்ட ஒரு நோட்டும், ஒரு கால்குலேட்டரும் போதும். எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் இதைத் தொடவே பயப்படுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கேள்வி இது. தளத்தின் மேல் ஒரு புள்ளியில் கிளம்பி அதே புள்ளிக்குத் திரும்பும் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு 2×2 மெய்யெண் அணியை ஒதுக்குகிறோம். அணிக்கோவை 1. அணியும் அதன் மைனஸும் ஒன்றாகவே கணக்கு. வளையத்தை அடுத்து வளையம் நடந்தால் அணியை அடுத்து அணி பெருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டுக்குப் பெயர் ரெப்ரசென்டேஷன். ஒவ்வொரு அணியும் ஹைப்பர்பாலிக் தளத்தை ஒருவிதமாக நகர்த்தும். (இது வடைத்தோல் இல்லை; ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்குப் பல இணைகோடுகள் போடக்கூடிய தளம்.) ட்ரேஸ், அதாவது மூலைவிட்ட எண்களின் கூட்டல், குறியை விட்டுப் பார்த்தால் 2-ஐத் தாண்டினால் ஒரு கோட்டின் வழியே இழுத்துச் செல்லும். இதை ஹைப்பர்பாலிக் அணி என்பார்கள். 2-க்குக் கீழே இருந்தால் ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பும். சரியாக 2 என்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைக்கேஸ்.

தன்னைத் தானே வெட்டாத வளையங்கள் (புள்ளியாகச் சுருங்கிவிடுவதை விட்டால்) எல்லாமே, ஒன்று விடாமல், ஹைப்பர்பாலிக் அணியாகவே வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்த ரெப்ரசென்டேஷன் தளத்தின் மேல் ஒரு உண்மையான ஹைப்பர்பாலிக் வடிவத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டுமா? அப்படி வந்ததை ஃபுக்ஸியன் என்பார்கள். ஆம் என்றுதான் எதிர்பார்ப்பு. மூன்று துளையும் அதற்கு மேலும் என்றால் நிரூபணம் இல்லை.

நாம் செய்யப்போவது வேட்டை. ஃபுக்ஸியன் அல்லாத ஒன்றைக் கட்டி எழுப்பி, அதில் ஹைப்பர்பாலிக் ஆகாத ஒரு வளையத்தைத் தேடிப் பிடிப்பது.

கை பழக

ஒரு வடைக்கு இரண்டு வளையம் போதும். துளைக்குள் புகுந்து வெளியே வருவது ஒன்று, துளையைச் சுற்றி ஓடுவது ஒன்று. முதல் வடையில் அவற்றை அ, ஆ என்போம். அணிகளுக்கும் அதே பெயர். அ-வின் மேல்வரிசை 2, 1. கீழ்வரிசை 1, 1. ஆ-வின் மேல்வரிசை 1, 1. கீழ்வரிசை 1, 2. இரண்டுக்கும் ட்ரேஸ் 3. பெருக்கினால் 3, 4, 2, 3. ட்ரேஸ் 6.

இனி அ·ஆ·அ⁻¹·ஆ⁻¹ போடுங்கள். −7, 6, −6, 5 என்று வரும். ட்ரேஸ் −2. இந்த நாலு அணிப் பெருக்கம்தான் வடை வடையோடு ஒட்டியிருக்கும் இடத்தைச் சுற்றும் வளையம். நான் அதை இடுப்பு என்பேன், அதன் ட்ரேஸை இடுப்பு எண் என்பேன். அ-வையோ ஆ-வையோ மைனஸால் பெருக்கினாலும் இடுப்பு எண் மாறாது. அதனால் இதன் குறிக்கு அர்த்தம் உண்டு.

ஒவ்வொரு தடவையும் நாலு அணியைப் பெருக்க வேண்டியதில்லை. அ, ஆ, அஆ மூன்றின் ட்ரேஸ் ப, ம, ய என்றால்

இடுப்பு எண் = ப² + ம² + ய² − ப×ம×ய − 2

ஃப்ரிக்கெ காலத்துச் சூத்திரம். மேலே உள்ளதற்கு 9 + 9 + 36 − 54 − 2 = −2. சரியாக இருக்கிறது. இன்னொரு சூத்திரம்: அஆ-வின் ட்ரேஸையும் அஆ⁻¹-இன் ட்ரேஸையும் கூட்டினால் ப×ம. அதாவது ய இருக்கும் இடத்தில் ப×ம − ய என்று மாற்றி எழுதலாம். வடை அதேதான், வளையம் மட்டும் வேறு. இடுப்பு எண் அசையாது. இந்த ஒரு மாற்றத்தை மூன்று இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டால் அந்த வடைக்குள் இருக்கும், தன்னை வெட்டாத வளையங்கள் எல்லாம் கிடைத்துவிடும், இடுப்பு ஒன்றைத் தவிர. அணியைத் தூக்கிக்கொண்டு அலையாமல் ட்ரேஸை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். முழு எண்ணாக இருக்கும்வரை பிழை வராது. தசமத்தில் அணியைப் பெருக்கினால் பத்தாவது படியிலேயே எண்கள் வெடித்துவிடும்.

இடுப்பைப் பார்த்தால் பாதி தெரியும்

ஒவ்வொரு ரெப்ரசென்டேஷனுக்கும் ஆய்லர் எண் என்று ஒரு முழு எண் உண்டு. துளை இரண்டு என்றால் அது −2 முதல் 2 வரைதான் போகும். மில்னர், வுட் இருவரும் போட்ட வரம்பு. ஓரத்தில் இருக்கும் 2-ம் −2-ம் ஃபுக்ஸியன், மற்றவை இல்லை. இது வில்லியம் கோல்ட்மன் நிரூபித்தது. ஒரே ஆய்லர் எண் உள்ளவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அறுபடாமல் நகர்த்திப் போகலாம் என்றும் 1988-ல் காட்டினார். ஆக இரண்டு துளைக்கு மொத்தம் ஐந்து தீவு. வேட்டைக்கு நான் எடுப்பது 1, −1 தீவுகள்.

ஆய்லர் எண்ணைக் கையால் கணக்கிடுவது லேசு. இடுப்பு எண் −2-க்கும் 2-க்கும் இடையில் இருந்தால் இடுப்பே ஹைப்பர்பாலிக் இல்லை. வேட்டை முடிந்தது, டீ குடிக்கப் போகலாம். −2-க்குக் கீழே போனால் அந்த வடையின் பங்கு +1 அல்லது −1. 2-க்கு மேலே போனால் பங்கு 0. இரண்டு வடையின் பங்கையும் கூட்டினால் ஆய்லர் எண். எனவே நமக்கு வேண்டியது ஒரு வடையில் −52, மறுவடையில் +52 என்பது போல ஒரு ஜோடி. இரண்டு இடுப்பு அணியையும் பெருக்கினால் மைனஸ் அலகு அணி வர வேண்டும்.

மைனஸ் மூன்று வந்தால்

பங்கு 0 உள்ள வடையை முதலில் பார்ப்போம். (3, 3, 8) எடுங்கள். இடுப்பு எண் 9 + 9 + 64 − 72 − 2 = 8. மாற்றிப் போட்டால் 9 − 8 = 1. சிக்கிவிட்டது. ட்ரேஸ் 1 உள்ள அணி 120 பாகை திருப்பும்; மூன்று தரம் பெருக்கினால் மைனஸ் அலகு அணி, அதாவது பழைய இடம்.

இப்படியே எல்லாம் சிக்கும் என்று நினைத்தால் (3, 3, 12) எடுங்கள். இடுப்பு எண் 9 + 9 + 144 − 108 − 2 = 52. மாற்றிப் போட்டால் 9 − 12 = −3.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இதற்கு பைத்தானில் நிரல் எழுதி வந்தான். “சார், (3, 3, 3)-ல வந்து நிக்குது. அதுக்கு மேல குறையவே மாட்டேங்குது. இது ஃபுக்ஸியன் தானே?” என்றான். எனக்கும் அரை மணி நேரம் பிடிபடவில்லை. (3, 3, 3)-க்கு இடுப்பு எண் போட்டுப் பார்த்தால் −2. புறப்பட்டது 52-ல். நடுவில் யாரோ குறியைத் தின்றுவிட்டார்கள். ட்ரேஸின் குறிக்கு மதிப்பில்லை என்று எங்கோ படித்துவிட்டு, ஒவ்வொரு படியிலும் மைனஸை நீக்கி வைத்திருக்கிறான். “தனித்தனியா குறிக்கு மதிப்பில்லடா, மூணையும் பெருக்கினா வர்ற குறிக்கு மதிப்பு உண்டு” என்றேன். அ-வை மைனஸால் பெருக்கினால் ப-வும் ய-வும் சேர்ந்து குறி மாறும். மூன்றின் பெருக்கல் அப்படியே நிற்கும். அன்றிலிருந்து என் நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் வலது ஓரத்தில் இடுப்பு எண்ணைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். இந்த வேலையில் உங்களைக் காப்பாற்றும் ஒரே பழக்கம் அதுதான்.

மூன்றும் 2-ஐத் தாண்டி, பெருக்கல் மைனஸாக வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். இந்த அணிகள் வடையை விட்டுவிட்டு ஒரு கால்சட்டையின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டன. மேல் ஓரம் ஒன்று, கால் இரண்டு, மூன்று ஓரத்துக்கும் (குறியை விட்டால்) ட்ரேஸ் 3. அந்த வடைக்குள் எந்த வளையத்தை எடுத்தாலும் ஹைப்பர்பாலிக்தான். இதற்கு இடுப்பு எண் 18-க்கு மேல் இருந்தாக வேண்டும்; (2, 2, −2) போட்டால் 18 வரும், அது வாசற்படி.

ஒட்டுவது

இப்போது +52-க்கு ஜோடியாக −52 வேண்டும். 4, 5 என்று இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதற்கு இருபடிச் சமன்பாடு எழுதினேன்: ய² − 20ய + 91 = 0. ய = 7 அல்லது 13. முழு எண்ணாக வந்ததில் அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. சரிபார்க்க: 16 + 25 + 49 − 140 − 2 = −52. ஆக முதல் வடை (4, 5, 7), இரண்டாம் வடை (3, 3, 12). இரண்டாம் வடையின் வளையங்கள் இ, ஈ. முதல் வடை தன்னளவில் ஃபுக்ஸியன், இரண்டாவது கால்சட்டை. இரண்டுக்குள்ளும் தேடிப் பயனில்லை. பிடிபடும் வளையம் இடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் இந்த உதாரணத்தை விரும்புவதற்குக் காரணம் அதுதான், கேள்வி எங்கே கடினமாகிறது என்று இது காட்டிவிடும்.

ட்ரேஸ் தெரிந்தால் அணி எழுதுவது எப்படி? ச + 1/ச = ய என்று ச-வைக் கண்டுபிடியுங்கள். அ: மேல்வரிசை ப, −1, கீழ்வரிசை 1, 0. ஆ: மேல்வரிசை 0, 1/ச, கீழ்வரிசை −ச, ம. பெருக்கிப் பாருங்கள், ட்ரேஸ் சரியாக விழும்.

பிறகு ஒவ்வொரு வடையையும் அதன் இடுப்பு அணி மூலைவிட்ட அணியாக நிற்கும்படி திருப்பி வைக்க வேண்டும், அதாவது அந்த வடையின் எல்லா அணியையும் இடப்பக்கம் ஒரே அணியாலும் வலப்பக்கம் அதன் நேர்மாறாலும் பெருக்க வேண்டும். அப்போது மூலைவிட்டத்தில் விழும் எண்ணுக்கு ஐகன் மதிப்பு என்று பெயர். இங்கே அது, குறியை விட்டால், 26 + 15√3, அதாவது 51.98. அது (2 + √3)-இன் கனம் என்பது சும்மா கிடைத்த இனிப்பு. முதல் வடையின் மூலைவிட்டம் −51.98, −1/51.98. இரண்டாம் வடைக்கு 1/51.98, 51.98. பெருக்கினால் −1, −1. ஒட்டியாயிற்று. இடுப்பின் ஹைப்பர்பாலிக் நீளம் 7.90.

ஒரு சுதந்திரம் மீதி இருக்கிறது. ஒட்டும் முன் இரண்டாம் வடையை இடுப்பின் வழியே எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கலாம். 7.90 முறுக்கினால் ஒரு முழுச் சுற்று.

எங்கே தேடுவது

முதலில் அஇ. முதல் வடையில் ஒரு சுற்று, இரண்டாம் வடையில் ஒரு சுற்று. இது தன்னை வெட்டாது. அ·இ⁻¹ எட்டு போட்டதுபோல ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளும், அதை எடுக்கக் கூடாது. தன்னை வெட்டும் வளையங்களில் திருப்பும் அணி கிடைத்தால் கேள்விக்கு அது பதிலாகாது. ஆரம்பத்தில் நான் மூன்று வாரம் இப்படிப் பொய் மீனாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திருப்பி வைத்த பிறகு அ-வின் மூலைவிட்டம் 4.0785, −0.0785. கூட்டினால் 4. இ-யின் மூலைவிட்டம் 0.0566, 2.9434. கூட்டினால் 3. அஇ-யின் ட்ரேஸில் இவற்றின் பங்கு 4.0785 × 0.0566 கழித்தல் 0.0785 × 2.9434. முதலாவது 0.231, இரண்டாவதும் 0.231. மிச்சம் பூஜ்யம். முதல் தடவை பார்த்தபோது பிழை என்றே நினைத்தேன். பிழை இல்லை; ஒரு வடையின் ஐகன் மதிப்பு மைனஸ், மறுவடையினுடையது பிளஸ் என்பதால் எந்த ஜோடி வளையத்துக்கும் மூலைவிட்டப் பங்கு இப்படி அடிபட்டுப் போகும். ஆய்லர் எண் ±1 நமக்குச் செய்யும் உபகாரம் இது.

ஆக மீதி இருப்பது மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எண்கள் மட்டும். அ-வில் அந்த இரண்டின் பெருக்கல் −1.32, இ-யில் −0.833. இரண்டும் மைனஸ் என்பதால் ட்ரேஸின் இரு துண்டும் ஒரே குறியில் நின்று ஒன்றையொன்று வளர்க்கும். எவ்வளவு முறுக்கினாலும் ட்ரேஸ் 2√1.1-க்குக் கீழே இறங்காது. அது 2.098. இத்தனூண்டு இடைவெளியில் தப்பிவிட்டது. 4-க்குப் பதில் 5, 7 என்று போட்டால் இன்னும் தூரம் போகும்.

அடுத்து அ·இஈ. இஈ-யின் ட்ரேஸ் 12. இங்கே வெளி எண்களின் பெருக்கல் 144/54 − 1 = 1.667, பிளஸ். இப்போது ட்ரேஸின் இரு துண்டும் எதிர்க்குறி. ஒன்று இழுக்க மற்றது தடுக்கும். முறுக்கிக்கொண்டே போனால் ட்ரேஸ் 2.966 × சைன்ஹெச் (கால்குலேட்டரில் sinh) என்று மைனஸிலிருந்து பிளஸுக்கு ஏறும், நடுவில் பூஜ்யத்தைத் தொட்டாக வேண்டும். பூஜ்யம் தொடும் முறுக்கிலிருந்து இருபுறமும் 0.63 தூரம் வரை ட்ரேஸ் 2-க்குள் இருக்கும். 7.90 நீளத்தில் 1.26 நீளமுள்ள ஒரு ஜன்னல். உங்கள் முறுக்கு அந்த ஜன்னலில் விழுந்தால் வேட்டை முடிந்தது.

விழாவிட்டால் வேறு ஜன்னல். அ-வின் இடத்தில் ட்ரேஸ் 5 உள்ள வளையம் போட்டால் அகலம் 1.19, 7 உள்ளதற்கு 1.05. ட்ரேஸ் பெருகப் பெருக ஜன்னல் ஒடுங்கும், ஆனால் எண்ணிக்கை கூடும், விழும் இடமும் மாறும். 7.90 செ.மீ. கோடு ஒன்று போட்டு, ஒவ்வொரு ஜன்னலையும் வேறு நிறத்தில் அடித்துக்கொண்டே போங்கள். ஒரு ஓரம் மறு ஓரத்தோடு ஒட்டியது என்பதை மறக்கக் கூடாது. வளையத்தை மாற்ற அ-வுக்குப் பதில் அஆ, அல்லது ஆ-வுக்குப் பதில் ஆஅ என்று போடலாம். இடுப்பு அணி அப்படியே நிற்கும், வெட்டாத வளையம் வெட்டாததாகவே இருக்கும்.

இடுப்பை இரண்டு தரம் மட்டும் தாண்டும் வளையங்களுக்குத்தான் இந்த வித்தை. நாலு தரம், ஆறு தரம் தாண்டுபவையும் உண்டு. அங்கே கணக்கு இவ்வளவு அழகாக மடங்காது. ஆனாலும் பயப்பட வேண்டாம். துளை இரண்டு, ஆய்லர் எண் ±1 என்றால் எந்த முறுக்கிலும் ஏதாவது ஒரு வளையம் சிக்கியே தீரும் என்று ஜூலியன் மார்ஷே, மாக்ஸிம் வோல்ஃப் இருவரும் 2016-ல் வெளியான கட்டுரையில் நிரூபித்திருக்கிறார்கள். அதோடு, இந்தத் தீவில் வடையை வெட்டி முறுக்கி ஒட்டும் செயல்கள் எல்லாவற்றையும் கலந்து அடித்தால் எல்லா இடமும் சீராகக் கலங்கிவிடும் என்ற கோல்ட்மனின் ஊகமும் தீர்ந்தது. எர்கோடிக் என்று அவர்கள் சொல்வது அதைத்தான்.

மூன்றாவது வடை

இரண்டு துளைக்கு ஒரு சலுகை உண்டு. ஜோடி வடையை நீளவாக்கில் கம்பியில் குத்தி அரைச் சுற்று திருப்பினால் அது தன் மேலேயே படியும், தன்னை வெட்டாத ஒவ்வொரு வளையமும் (திசையை விட்டால்) தன் இடத்துக்கே நழுவி வரும். மூன்று வடையை ஒட்டினால் கம்பியில் குத்தித் திருப்பலாம், ஆனால் எல்லா வளையமும் திரும்பி வராது. கையில் இருந்த பிடி அங்கே போய்விடுகிறது.

மூன்று துளைக்கு ஆய்லர் எண் −4 முதல் 4 வரை, தீவு ஒன்பது. ஓரங்கள் ஃபுக்ஸியன். 3 உள்ள தீவில் ஒரு ரெப்ரசென்டேஷன் கட்ட, நடுவில் பங்கு 1 உள்ள ஒரு கால்சட்டை, அதன் மூன்று ஓரத்திலும் ஒவ்வொரு வடை. இரண்டு வடை (4, 5, 7), ஒன்று (3, 3, 12). எல்லா இடுப்பும் 7.90. முறுக்கு இப்போது மூன்று, ஆகவே நிறம் அடிக்கக் கோடு போதாது, கனசதுரம் வேண்டும். இரண்டு வடையைத் தொடும் வளையம் நடுக் கால்சட்டையைத் தாண்டியாக வேண்டும் என்பதால் அந்த 0.231-ம் 0.231-ம் இங்கே அடிபடுவதில்லை. என் நோட்டு இப்போது இந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறது. வலது ஓரத்தில் பென்சிலால் 52, −52, −52.